அடுப்பு மூட்டாத காணாது அண்ணை

லண்டனில் கைப்பக்குவத்தால் பெயர் எடுத்த சமையல்காரர்கள் எத்தனையோ பேர். பயத்தாலேயே பெயர் எடுத்தவர் காணாது அண்ணை ஒருவர்தான். மிச்சம் என்ற லண்டன் புறநகரில், பதினொரு அறைகளும் ஒரு சாப்பாட்டுக் கூடமுமாக ஓர் ஐரிஷ் குடும்பம் நடத்திய ஹோட்டலில் அவர் சமையல், நான் ரிசெப்ஷன். எட்டுப் பேருக்கு மேசை பதிந்தால் இருபது பேருக்குச் சூப் வைப்பார். "காணாது தம்பி, காணாது" என்று, போதாமல் போய்விடும் என்ற பயத்தில் அடுத்த உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்ப்பார். மிஞ்சிய சூப்பை நாங்கள் மூன்று நாள் குடிப்போம்.

அவரை ஆட்டிவைத்தது செத்தவீடுகள்தான். ஐரிஷ்காரர் வழக்கப்படி, அடக்கம் முடிந்ததும் வந்த சனம் முழுக்க ஹோட்டலுக்குச் சாப்பிட வரும். எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. அண்ணை ஏப்ரனோடு சேர்ச்சுக்கு ஓடிப்போய், நிற்கிற கார்களை எண்ணி வருவார். ஒருமுறை பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டில் நின்ற கார்களையும் சேர்த்து எண்ணிவிட்டு, நானூறு சாண்ட்விச் வெட்டினார்.

அப்படிப்பட்டவர் இருக்கும்போதுதான் முதலாளியம்மா இறந்துபோனார். மகள் நோரா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஊரில் அத்தனை பேரின் துக்கத்துக்கும் சாப்பாடு போட்டவள் அம்மா, அவளுடைய நாளில் யாரும் பசியோடு போகக் கூடாது என்றாள்.

அடக்கத்தன்று காலை பத்து மணிக்குச் சமையலறைக்குள் போனேன். அடுப்பு சில்லென்று கிடந்தது. ஒரு வெங்காயம்கூட உரிபடவில்லை. அண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் இருந்தார்.

"அண்ணை, பன்னிரண்டுக்கு ஆக்கள் வந்திடுவினம்."

"ஓம், வருவினம். அதுக்காகச் செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறதே?"

"இது ஹோட்டல் அண்ணை."

"அவ மேல்மாடியிலைதானே இருந்தவ? அப்ப இது வீடு. சமைக்கிற கடமை அயலுக்குத்தான்."

மனுசனுக்குப் பயத்தில் மூளை தட்டிவிட்டது என்றே நினைத்தேன். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் அடித்தேன். இருநூறு பேருக்கு, இரண்டு மணித்தியாலத்திலா என்று சிரித்தார்கள். பன்னிரண்டுக்கு நோரா வந்தாள், பின்னால் கறுப்பு உடுப்போடு சனம். அடுப்பைப் பார்த்தாள். அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பின்கதவில் தட்டுச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஐரிஷ் கிழவர், ஒரு சட்டி ஸ்ட்யூவோடு. அவருக்குப் பின்னால் மூலைக்கடை ராணியக்கா, மரக்கறி ரோல்ஸ் தட்டோடு. ராணியக்காவுக்குப் பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. முதலாளியம்மா யார் யார் துக்கத்துக்குச் சாப்பாடு போட்டாரோ, அத்தனை வீட்டுக் கதவையும் அண்ணை முதல்நாளே தட்டியிருக்கிறார்.

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் விடமாட்டீர். ஆனால் தம்பி, சனம் வராட்டில் ஓடுறதுக்குத்தான் கோட்டுப் போட்டனான்."

பிறந்ததிலிருந்து மற்றவர்களுக்குப் பரிமாறிய நோராவை அன்று ராணியக்கா கதிரையில் பிடித்து இருத்தினார். அவள் அழுதுகொண்டே இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். அண்ணை வாசலில் நின்று, அவள் தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இப்போது பக்கத்து ஊரான சட்டனில் மகளோடு இருக்கிறார். என் வீட்டில் ஒரு துக்கம் வந்தால், முதல் போன் அவருக்குத்தான்.