ஜெர்மன்காரன் கையில் என் துப்பாக்கி

துலா, 11 பிப்ரவரி 1974

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கிளேப் அவர்களுக்கு, மாமனார் எவ்தோகிம் எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு நலம். புத்திக்கு நலமா என்பதை நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

நீங்கள் ஆயுதக் கிடங்கு பார்க்கும் ஸ்டுடியோவின் போர்ப் படத்தைப் போன மாதம் உங்கள் மாமியார் பெலாகேயாவோடு பார்த்தேன். நடுவில் ஒரு ஜெர்மன் அதிகாரி கதவை உதைத்துக்கொண்டு வந்தான். அவன் கையில் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் ஒரு விசை, பின்னால் ஒரு விசை. ஒன்றை இழுத்தால் ஒரே குண்டு, மற்றதை இழுத்தால் சரமாரி. ரிவால்வர் தோட்டாவில் சுடும் அந்தச் சோதனைத் துப்பாக்கியை 1927-இல் இங்கே எங்கள் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தோம், இரண்டு விசைகளையும் ராவியது இந்தக் கைதான். படைக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள், அன்றைக்கு நான் அழுதேன். தள்ளிய சரக்கு சினிமாத் துப்பாக்கியாகி இத்தனை வருஷம் கழித்துக் கண்முன் வந்தால் வாய் சும்மா இருக்குமா? “அது நான் செஞ்சதுடி!” என்று கத்திவிட்டேன்.

“எது, அந்த ஜெர்மன்காரன் துப்பாக்கியா? நாப்பது வருஷமா ஃபாக்டரி ஃபாக்டரின்னு போனியே, எவனுக்குய்யா வேலை பார்த்த?” என்றாள் உங்கள் மாமியார், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி.

முன்வரிசையில் எங்கள் குடியிருப்புக் கமிட்டித் தலைவி கபிதொலினா. அவளுக்கு ஞாபகசக்தி அதிகம். “போன வருஷப் படத்துல இதே துப்பாக்கிய சிகாகோ கொள்ளைக்காரன் வச்சிருந்தான். அமெரிக்காக்காரனுக்கும் செஞ்சு குடுத்தீங்களா?” என்றாள். மறுநாளே, நல்ல உழைப்பாளிகளின் படம் மாட்டும் குடியிருப்புக் கௌரவப் பலகையிலிருந்து என் படத்தைக் கழற்றித் துடைப்பங்களோடு வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, குடியிருப்புக்காரர்களே கூடி விசாரிக்கும் தோழர்கள் மன்றத்தில் விளக்கம் தரவேண்டுமாம். எப்படித் தருவது? வாயைத் திறக்கமாட்டேன் என்று 1927-இல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அந்தக் கையெழுத்து செல்லாது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொன்னால் அரசாங்க ரகசியத்தை விற்றவன், சொல்லாவிட்டால் ஜெர்மன்காரனின் கொல்லன். அதனால்தான் அது நம் நாட்டுச் சரக்கு என்று ஒரு சான்று கேட்டேன். நீங்களும் அனுப்பினீர்கள். அதில் என்ன இருக்கிறது? உங்கள் கிடங்குப் பட்டியலில் எழுதியிருந்தது அப்படியே: “ஜெர்மன் தானியங்கி, ஒன்று, நல்ல நிலை.” கீழே வட்ட முத்திரை வேறு! நான் பிரிப்பதற்குள் கபிதொலினா படித்துவிட்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன், மாப்பிள்ளை. வேறு சான்று உடனே அனுப்புங்கள். சாகும்வரை அந்தப் படம் பலகையில் இருக்கவேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

என் மகளும் நீங்களும் சண்டையில்லாமல், சளியில்லாமல் நெடுநாள் வாழுங்கள். உப்பிட்ட காளான் ஒரு ஜாடி தனியாக வருகிறது.

இப்படிக்கு,
எவ்தோகிம்

பின்குறிப்பு: தபால்தலை வாங்குவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மன்றத்தில் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றேன். கபிதொலினா உங்கள் சான்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பொலபொலவென்று அழுதுவிட்டாள். “புரிஞ்சுபோச்சு! ஜெர்மன்காரன் ஃபாக்டரிக்குள்ளயே இருந்து நமக்காக உளவு பார்த்திருக்காரு! அதான் மனுஷன் வாயே திறக்கல!” எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். படம் பலகைக்கு வந்துவிட்டது, சிவப்பு ரிப்பனோடு. போரில் தொழிற்சாலையோடு நான் உரால் மலைப் பக்கம் போயிருந்த மூன்று வருஷத்தைப் பெலாகேயா பெர்லின் கணக்கில் எழுதிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக என்னை ‘ஏங்க’ என்கிறாள். ஆகவே வேறு சான்று வேண்டாம், துப்பாக்கி ஜெர்மன்காரன் கையிலேயே இருக்கட்டும். பெர்லினில் குளிர் எப்படி இருக்கும் என்று மட்டும் தந்தி அடியுங்கள், அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.