சூலத்தின் உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம்

அடேயப்பா, அந்த வருஷம் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பசித்தவனைவிடப் பக்தன் அதிகம்! சிவப்பிரகாச சுவாமிகளின் சூல முத்திரை குத்திய இட்லிப் பொட்டலத்துக்காக, ஷிப்டுக்குப் போகிறவர்கள் விடியலிலேயே வரிசை கட்டினார்கள். முத்திரை இல்லாத பண்டம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கினால் பூமாதேவி கோபிப்பாளாம், பாறை வெடிக்குமாம். சுவாமிகள் ஒரு நாளும் சுரங்கத்தில் இறங்கியதில்லை. பூமாதேவியே மேலே ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள் போலிருக்கிறது.

காணிக்கை கட்டிய கடைக்கு முத்திரை உண்டு. கட்டாத கடையில் ஈ உட்காரும். மங்கம்மாவின் இட்லிக் கடை கட்டாத கடை. அதுகூடப் போகட்டும், அவள் புருஷன் பெருமாளே அவள் இட்லியைத் தொட மறுத்தான்.

"இன்னாய்யா, நான் அவிச்ச இட்லி உனக்கு ஆவாதா?"

"கோவிச்சுக்காதேமே. நீ மேலே கீறே, கீழே எறங்குறவன் நானு. பாறை என் தலையிலதானே வியும்?"

பக்கத்துக் கடையின் முத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். மங்கம்மா கடையை இழுத்து மூடுவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள், இந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

இதற்குள் சுவாமிகளின் சீடன் ஏகநாதன் தனியாகத் தொழில் தொடங்கிவிட்டான். அதே சூலம், உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம் மட்டும் கூடுதல். காணிக்கையோ பாதி! சுவாமிகள் துள்ளிக் குதித்தார். சூலத்தை அவர் டிரேட் மார்க்காகப் பதிந்து வைத்திருந்தாராம். கோலார் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சாபம் கொடுக்கத் தெரிந்தவருக்கு வக்கீல் எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வாய்தாவுக்குக் கிளம்பிய இரண்டு கோஷ்டியும் ஊரிகம் ரயில் ஸ்டேஷன் வாசலில் மோதிக்கொண்டன.

"போலி முத்திரையைத் தொட்டால் என் விரல் நெருப்பாய்ச் சுடும்!" என்று முழங்கினார் சுவாமிகள்.

"எனக்கும் சுடும்! என் முத்திரை மட்டும் ஐஸ்கட்டி!" என்றான் ஏகநாதன்.

மங்கம்மா கூடையோடு நடுவே புகுந்தாள்.

"அப்போ கோர்ட்டு இன்னாத்துக்கு சாமி? பொட்டலம் வாங்கியாந்து கீறேன். முத்திரை தெரியாம கவுத்து வெக்கிறேன். எது யாருதுன்னு தொட்டுச் சொல்லுங்க."

"தொடுங்க சாமி!" என்று கூட்டம் கூவியது. விசில் வேறு. பெருமாள் முன்னால் கைகூப்பி நின்றான்.

சுவாமிகள் ஒரு பொட்டலத்தைத் தொட்டார். "ஐயோ, சுடுதே! போலி, போலி!" என்று விரலை உதறினார். மங்கம்மா திருப்பிக் காட்டினாள். அவருடைய சொந்தச் சூலம்! எலுமிச்சம்பழத்தைக் காணோம்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஏகநாதனுக்குக் குஷி தாங்கவில்லை. அடுத்ததைத் தாவி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

"ஆகா, குளுருது! இது என்னோடது!"

"விடுடா! அது என்னுடைய தெய்வீகக் குளிர்ச்சி!" என்று பாய்ந்தார் சுவாமிகள்.

இவர் இழுக்க, அவன் இழுக்க, பொட்டலம் கிழிந்து இட்லி நாலா பக்கமும் பறந்தது. ஒன்று பெருமாளின் மேல்துண்டில் வந்து விழுந்தது. மங்கம்மா கிழிந்த காகிதத்தைத் தூக்கி இரண்டு பக்கமும் காட்டினாள். சூலமும் இல்லை, பழமும் இல்லை.

"இது என் கடை இட்லிப்பா! ரெண்டு சாமியும் அடிச்சுக்கினது இதுக்குத்தான்!"

சுவாமிகள் பங்காருப்பேட்டை ரயிலில் டிக்கெட் வாங்காமலே ஏறினார். ஏகநாதன் தண்டவாளத்தோரமாய் எதிர்த் திசையில் ஓடினான்.

பெருமாள் துண்டில் கிடந்த இட்லியை வாயில் போட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தான்.

"புத்தி கெட்டுப் பூட்டேன்மே. நாளையிலேருந்து நீயே கட்டிக் குடு. ஆனா... அதுல சின்னதா ஒரு முத்திரை குத்திக் குடுத்தியானா மனசுக்குத் தைரியமா இருக்கும்."

மங்கம்மா கூடையை ணங்கென்று கீழே வைத்தாள்.

"யோவ்! பாறை வியக் கூடாதுன்னா, மேலே மர முட்டு ஒய்ங்கா குடுத்து கீதான்னு மேஸ்திரியைக் கேளு! அதுக்குத்தான்யா உனக்கு வாயும் மூளையும் கீது. இட்லிக்கு இன்னாய்யா தெரியும்?"