களவில்லா நாட்டில் மூன்றாம் களவு

“பட்டப்பகல்ல என் வீட்டைத் துடைச்சு எடுத்துட்டுப் போயிருக்கான், நீ வாசல்ல உக்காந்து மொச்சை உரிச்சிக்கிட்டு...”

“பார்த்தேன்னுதானே சொல்லுதேன், என்னைப் பேசவிடு...”

“பார்த்துட்டுமா மதினி சத்தம் போடலை?”

“முகமூடி போட்டிருந்தாங்க பூரணி! காவக்காரங்கன்னு நினைச்சேன்.”

“காவக்காரன் எதுக்கு என் சொம்பைத் தூக்குதான்? எங்கம்மா பேர் வெட்டிக் குடுத்த சொம்பு!”

“அதை அவன்கிட்ட யாரு கேக்க? நீ கேப்பியா?”

தாழையூர் நாட்டில் ஒரே சுவரின் இருபுறமும் குடியிருந்த பூரணியும் குருவம்மாவும் இப்படித் தெருவே கேட்கச் சண்டையிட்டார்கள். பூரணி வீட்டில் அது இரண்டாம் களவு. அவளுடைய கணவர் படுத்த படுக்கையாய் உள்ளே கிடந்தார். தினமும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடுப்பவள் குருவம்மாதான். ஆகவே சண்டை சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் என்று தெரு நினைத்தது. சட்டம் அப்படி நினைக்கவில்லை.

அந்நாட்டில் களவு புதிதன்று. ஒருமுறை புகுந்த வீட்டுக்கே கள்வன் மறுபடி வருவான், வழி தெரிந்துவிட்டதல்லவா? இது மக்களுக்குத் தெரியும். எனவே களவு போன வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் தங்கள் செருப்புகளைக் கொண்டுவந்து விடுவார்கள். அரிசி புடைப்பவள் அங்கே வந்து புடைப்பாள். சீட்டாடுகிறவர்கள் அங்கே வந்து கத்துவார்கள். எட்டிப் பார்க்கும் கள்வனுக்கு அது கல்யாண வீடுபோலத் தோன்றும், திரும்பிப் போய்விடுவான். இதற்கென்று சட்டம் எதுவும் இல்லை. அதுதான் குறையாகப் போயிற்று.

“களவில்லா நாடு தருவேன்” என்று முழங்கித் தேர்தலில் வென்ற பெருங்காவலர் பராங்குசர், நகர்வலத்தில் ஒரு செருப்புக் குவியலைக் கண்டு பல்லக்கை நிறுத்தினார்.

“பொறுப்பற்ற செருப்புகள்” என்றார். “ஆளாளுக்கு அண்டை வீட்டைக் காப்பாற்றினால் அரசாங்கம் எதற்கு?”

செருப்பு விடுவது அன்றே தடை செய்யப்பட்டது. களவு போன வீட்டைக் காவலர் எளிதில் கண்டுகொள்ளும்பொருட்டு அதன் கதவில் செம்மண் வட்டம் பூசப்பட்டது. கள்வரும் எளிதில் கண்டுகொண்டார்கள்.

களவு பெருகவே, காவலர் அனைவரும் முகமூடி அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. அவர்களிடம் பெயர் கேட்பதும், அவர்களைத் தடுப்பதும் குற்றம்.

“கள்வனும் முகமூடி போட்டுக்கிட்டா என்னங்கய்யா பண்றது?” என்று சபையில் ஒரு பால்காரர் கேட்டார்.

“கள்வன் முகமூடி போடுவது சட்டவிரோதம். ஆகவே போடமாட்டான்” என்றார் பெருங்காவலர். சபை கைதட்டியது. பால்காரரை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. அவருடைய மாடுகள் கறக்க ஆளின்றி வெகுநேரம் கத்திக்கொண்டிருந்தன.

பிறகு மூன்றாம் ஆணை வந்தது. ஒரே வீட்டில் இரண்டாம் முறை களவு போனால், அந்த வீட்டை நன்கறிந்த அண்டை வீட்டாரே குற்றவாளி. பறிகொடுத்தவர் சபையில் நின்று அவரைக் கைகாட்ட வேண்டும். காட்டாவிட்டால், தன் வீட்டில் தானே திருடியதாகக் கொள்ளப்படும். மக்கள் பக்கத்து வீட்டைப் பார்த்த சன்னல்களை எல்லாம் மண் குழைத்து அடைத்துக்கொண்டார்கள். உப்புக் கடன் கேட்பதுகூட நின்றுபோயிற்று. குருவம்மா மட்டும் பூரணி வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை.

பூரணியின் சண்டைச் சத்தம் அடங்குமுன்பே முகமூடிகள் வந்து இரு பெண்களையும் சபைக்கு நடத்திச் சென்றார்கள்.

பெருங்காவலர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“சொல்லம்மா. நாட்டின் அமைதி உன் ஆட்காட்டி விரலில் இருக்கிறது. களவாண்டது யார்?”

பூரணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையில் இருந்தது அவளுடைய சொம்பு. கழுத்துக்குக் கீழே, கோணலாக, அவள் தாய் வெட்டுவித்த பெயர்.

குருவம்மாவும் பார்த்துவிட்டாள். “பூரணி! அவர் கையில பாரு. உன் சொம்பு, பாரு!” என்று கத்தினாள்.

பெருங்காவலர் சொம்பைச் சற்றே முன்னால் நீட்டினார்.

“இதுவா?” என்றார் அன்பாக. “நன்றாகப் பார்த்துச் சொல்லம்மா. அவசரமில்லை. வீட்டில் உன் கணவர் படுக்கையில் இருக்கிறாராமே? பாவம், பார்த்துக்கொள்ள வேறு ஆள் உண்டா?”

பூரணி சொம்பிலிருந்து பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எனக்கு... எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்கய்யா.”

“சொம்பு தெரியாவிட்டால் போகட்டும். பக்கத்து வீட்டுக்காரி தெரிகிறாளா?”

அவள் விரல் மெல்ல உயர்ந்தது. குருவம்மா அழவில்லை, ஏசவுமில்லை. பாழ்சிறைக்கு இழுத்துச் செல்லும்போது, “அவருக்கு இடப்பக்கம் புண்ணு வச்சிருக்கு, அந்தப் பக்கம் சாய்ச்சுப் படுக்க வச்சிராத” என்று மட்டும் சொன்னாள். அங்கே போனவர் திரும்பி வந்ததாக அந்நாட்டில் பேச்சே இல்லை.

குற்றவாளி பிடிபட்டதால், தாழையூர் களவில்லா நாடாக அன்றே அறிவிக்கப்பட்டது. தெருத்தெருவாக வாழைமரம் கட்டினார்கள். எல்லாக் காவலர்க்கும் பதவி உயர்வு கிடைத்தது. இனிமேல் களவு போனதாகச் சொல்வது தேசத் துரோகம் என்றும் பறை அறைந்தார்கள்.

மறுநாள் உச்சி வெயிலில், கணவரைத் தனியாகப் புரட்ட முடியாமல் பூரணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. முகமூடி அணிந்த இருவர் கேட்காமலேயே உள்ளே வந்தார்கள். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். எடுக்க அங்கே ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. அவர்கள் கட்டிலை நோக்கித் திரும்பினார்கள். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது. பூரணி ஓடிப்போய் நடுச்சுவரை இரு கைகளாலும் அறைந்தாள்.

“மதினி! வந்துட்டாங்க மதினி... ஒரு சத்தம் போடேன்!”