எக்ஸ்போர்ட் பாயும் இருபத்திரண்டு அங்குலமும்

மும்பையில் ஏற்றுமதியாளர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், ஒரு பெட்டிகூட அனுப்பாமல் ஒன்பது வருடம் ஏற்றுமதியாளராக இருந்தவர் எங்கள் எக்ஸ்போர்ட் பாய் ஒருவர்தான்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து (பெயரில்தான் தொண்ணூறு, நான் நடந்து அளந்திருக்கிறேன்) பிரியும் சந்தில், மாடியில் அவருடைய தோல் பைப் பட்டறை. ஏறுவதற்குச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பதினோரு படி. சுவரில் மூன்று கடிகாரங்கள்: துபாய், டர்பன், ஹாம்பர்க். மதியம் இரண்டு மணிக்குப் போனால், ஹாம்பர்க்கைப் பார்த்துவிட்டு "குட் மார்னிங் சார்" என்பார்.

கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் ஆபீசில் நான் முப்பத்து நாலு வருடம் குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு மாட்டுங்கா வீட்டிலிருந்து நடந்து போய் அவருக்கு வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிக் கொடுப்பேன்.

"இந்தச் சந்துக்குள்ள இருந்துண்டு எக்ஸ்போர்ட்டா பாய்?"

"துறைமுகத்துலேருந்து உலகம் பூரா கப்பல் போவுது சார். எனக்கும் துறைமுகத்துக்கும் நடுவுல இந்தச் சந்து ஒண்ணுதான் பாக்கி."

பத்தாவது வருடம் ஜெர்மனியின் ஹாம்பர்க் மனமிரங்கியது. அறுபத்து நாலு பெட்டி. கப்பலைத் தவறவிட்டால் இன்னொரு ஆர்டர் கிடையாது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அட்டைப் பெட்டிகள் தட்டையாக மடித்து வந்ததால் சமர்த்தாக மாடி ஏறின. மேலேயே விரித்து, பைகளை அடுக்கி, ஒட்டினோம். பரிசோதகர் வந்து அறுபத்து நாலிலும் சீல் வைத்தார். பிரித்தால் செல்லாது. லாரி தொண்ணூறடி ரோட்டில் நின்றது. நாலு மணிக்குத் துறைமுகக் கேட் மூடிவிடும்.

முதல் பெட்டியை ஏணி வாசலுக்குத் தள்ளினோம். இறங்கவில்லை.

நான் டேப்பை எடுத்தேன். வாசல் இருபத்திரண்டு அங்குலம். பெட்டி எந்தப் பக்கம் திருப்பினாலும் இருபத்து நாலு.

"போச்சு பாய். ரெண்டு அங்குலத்துல எல்லாம் போச்சு!"

"டென்ஷன் நக்கோ, வேணாம் சார். சுவரு தகரம்தானே?"

நான் இரண்டாவது முறை அளந்து முடிப்பதற்குள் திருப்புளியை எடுத்துச் சந்துப் பக்கத் தகரத்தையே கழற்றிவிட்டார். எதிரே மூன்றடியில் இட்லிக்கார அக்காவின் மாடி. இட்லிக் கொப்பரை இறக்குவதற்காக அகலமான படிக்கட்டு வைத்திருந்தாள். ஆனால், அவள் இட்லி ஆவி தோலைக் கெடுக்கிறது என்று பாய் நாலு வருடமாகச் சண்டை.

"என் ஆவி ஆவாது, என் படி மட்டும் ஆவுமா வே?"

"அக்கா, உங்க படிதான் இப்ப ஜெர்மனிக்குப் போற ரோடு."

"ரோடுன்னா டோல் உண்டுல்லா? எனக்கொரு பை வேணும்."

"எல்லாம் சீல் வச்சாச்சு. அடுத்த ஆர்டர்ல சத்தியமாத் தாரேன்!"

"அடுத்த ஆர்டராம்! ஆசையப் பாரு" என்று சிரித்தபடி தன் கதவையே கழற்றிப் பாலமாகப் போட்டாள்.

பாய் தள்ள, அக்கா இழுக்க, கீழே அவளுடைய இட்லியைச் சுமந்து விற்பவர்கள் வரிசையாக நின்று தலையில் வாங்கினார்கள். நான் கத்தி எண்ணினேன். நாற்பத்தோராவது பெட்டி கதவின் விளிம்பில் தள்ளாடியபோது கண்ணை மூடிக்கொண்டதால், அதை மட்டும் இருமுறை எண்ணவேண்டியதாயிற்று. கேட் மூடப் பதினோரு நிமிடம் இருக்கையில் லாரி உள்ளே போனது.

பாய் அந்தத் தகரத்தைத் திரும்பப் பொருத்தவில்லை. கீல் வைத்துக் கதவாக்கினார். வெளியே காலெடுத்து வைத்தால் நேரே கீழே சந்துதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தாழ்ப்பாள் வாங்கிப் போனேன். ஏழு மாதம் கழித்து ஹாம்பர்க் மறுபடி கேட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் எழுபத்திரண்டு பெட்டி போயின. அக்கா இப்போது தோல் பையோடுதான் இட்லி விற்கக் கிளம்புகிறாள்.

போன மாதம் முழங்கால் வலியால் பத்தொன்பது நாள் நான் போகவில்லை. இருபதாம் நாள் போனபோது சுவரில் நாலாவதாக ஒரு கடிகாரம். கீழே 'மாட்டுங்கா' என்று எழுதியிருந்தது.

"என்ன பாய் இது? மாட்டுங்காவிலும் தாராவி நேரம்தானே?"

"நீங்க வார நேரத்தைத் தனியாப் பாக்கணும்லா சார்" என்றார்.

முழங்கால் இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் முன்னைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன்.