மாப்பிள்ளையின் சீற்றில் நான்

வாய் நீளமானவனுக்கு மூச்சுக் குறைவு என்பதை நான் நேபாளத்தில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. (கல்யாணமான முதல் வாரமே இதைக் கண்டுபிடித்துவிட்டதாக மனைவி வசந்தி சொல்கிறாள்.)

மகளுக்குச் சுகம் வந்தால் முக்திநாத் கோயிலுக்கு வருவதாக வசந்தி நேர்ந்திருந்தாள். எங்கள் ஊரான நாரந்தனையிலிருந்து புறப்பட்டு மூன்றாம் நாள் காலை, ஒரு குட்டி விமானம் எங்களை மலைகளுக்கு நடுவே இறக்கியது. ஓர் ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம், அவ்வளவுதான்.

"இதுவும் ஒரு எயார்போட்டே? எங்கடை ஊர்காவற்றுறை பஸ் நிலையம் இதைவிடத் திறம்" என்றேன்.

எங்கள் வழிகாட்டி, தமிழ்நாட்டு யாத்திரிகர்களிடம் தமிழ் பழகிய நேபாளி. "ரோட்டுல போனா ஒரு நாள் முழுக்க ஆகும் சார். மருந்து, தபால், நோயாளி எல்லாத்துக்கும் இந்த விமானந்தான். பத்து மணிக்கு மேல காத்து வந்துட்டா அதுவும் இல்ல."

"காத்தோ? நான் சோளகக் காத்துக்கை நெடுந்தீவுக்கு வள்ளத்திலை போனவன்!" (போனது உண்மை. வழி முழுக்க வாந்தி எடுத்ததை அவருக்குச் சொல்லவில்லை.)

"இங்க மூச்சு வாங்கும் சார். மெதுவா நடங்க."

மெதுவாக நடப்பதா, நானா? இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இஞ்சரப்பா, ஓடாதேங்கோ!" என்று வசந்தி கத்தினாள்.

கட்டட வாசலில் புதுக் கோட் போட்ட ஓர் இளைஞன் நின்றான். அவன் இரண்டானான், நாலானான். பிறகு நிலம் எழும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது.

கண் விழித்தபோது மூக்கில் ஒட்சிசன் குழாய். கோட்டுக்காரன் என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தான். உடனே கீழே அனுப்பவேண்டும் என்றார்கள். வந்த விமானமே திரும்பிப் போகிறது. ஆனால் சீற் ஒன்றும் காலியில்லை. கோட்டுக்காரன் தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றான்.

"நாளைக்கு இவருக்குக் கல்யாணம் சார்" என்றார் வழிகாட்டி. "காத்து அடிச்சு விமானம் போகாததால ரெண்டு நாளா இங்கயே காத்துக் கிடந்தார்."

'வேண்டாம் தம்பி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யன்னல் சீற்றோ?" என்று வந்தது.

வசந்தியைப் பார்த்தேன். "நீர் வரேல்லையே?"

"எனக்கென்ன விசரே? நேர்த்தி சாமிக்கு, உங்களுக்கில்லை. கீழை வழிகாட்டியின்ரை ஆக்கள் வந்து நிப்பினம். போய்ச் சத்தம் போடாமல் படுங்கோ."

கீழே இறங்கியதும் மயக்கமும் வருத்தமும் போன இடம் தெரியவில்லை. நல்ல பசி. மூன்று தட்டுச் சோறு தின்றேன். மாப்பிள்ளையோ மலைப்பாதையில் ஜீப்பில் குலுங்கிப்போய், கல்யாண முகூர்த்தத்துக்குச் சற்று முன்தான் சேர்ந்தானாம்.

கல்யாணப் படத்தை வழிகாட்டி வைபரில் அனுப்பினார். கோட் முழுக்கப் புழுதி, மாப்பிள்ளைக்கு ஒரு கண் நித்திரையில். வசந்தி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள்.

"ஆரக்கா இது? சொந்தக்காரரோ?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இவரைக் காப்பாத்தின மாப்பிள்ளை" என்பாள். "மாப்பிள்ளையைக் காப்பாத்தினது ஜீப்."

அந்த நேரத்தில் நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருப்பேன். சிரிப்பு அடங்கும்வரை தண்ணி கொதிப்பதில்லை.