நாம்பன் வயிற்றில் நீலப்பேய்

பழுகாமத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவருடைய மாடு விழுந்தால் என்ன வியாதி என்று கேட்கலாம். என்ன தின்றது என்று மட்டும் கேட்கக்கூடாது.

காரணத்தை ஊர் அறியும். ஆண்டு 1991. மேய்ச்சல்தரைக்குப் போகும் வழியை இராணுவக் காவலரண் மறித்திருந்தது. அகதி முகாமுக்கு ஓடியவர்களின் வயல்வட்டைகளிலோ அறுப்பாரின்றி நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மாடுகள் அங்கே தாமாகவே வழி கண்டுபிடித்தன. அவ்வளவு அறிவுள்ள மாடுகள்! மாற்றான் நெல்லை மூக்குமுட்டத் தின்ற மாடு வயிறூதி விழுந்தால், செய்வினை என்று சொல்லிவிடுவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

அந்தச் சௌகரியத்தின் மேல் பந்தல் போட்டவர் நல்லரத்தினப் பூசாரியார். வீங்கிய மாட்டின் இடப்பக்கத்தில் அவர் தன் வேலாயுதத்தைக் குத்துவார். வேலின் மேல்முனையில் கர்ப்பூரத்தைக் காட்டினால் நீலச்சுவாலை எழும். "பேய் எரியுது!" என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகுதான் தீர்ப்பு: எரிந்த பேய் அதே பட்டிக்குத் திரும்பும், ஆகவே மாடு வாவியைக் கடந்து கிழக்குக்கரையான எழுவான்கரைக்குப் போகவேண்டும். கொண்டுபோகும் சிரமத்தைப் பூசாரியாரே ஏற்றுக்கொள்வார். அத்தனை தியாகி.

அன்று விழுந்து கிடந்தது புஸ்பத்தின் நாம்பன். அவளிடம் மிஞ்சிய ஒரே இளங்காளை. அது போனால் அடுத்த போகத்துக்கு அவள் வட்டையில் உழவும் இல்லை, விதைப்பும் இல்லை. சுவாலை எரிந்து, வயிறு வற்றி, நாம்பன் மெல்லத் தலை தூக்கியபோது அவள் அழுதாள். பூசாரியார் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"வைக்கோலாக் கொட்டியும் இது கொழுக்கல்லத்தானே கா? தீனில பங்கு பேய்க்குப் போகுது. கயித்தத் தா."

"பங்கு போறது உண்மைதான்" என்றது ஒரு குரல். சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தவர் ஹெக்டர். மூடிக்கிடந்த மாட்டாசுப்பத்திரியில் முன்பு மருந்து கலந்தவர். "ஆனா பேய்க்கில்ல, காத்துக்கு. மாட்டு வயித்துல தீனி புளிச்சாக் காத்து வரும். நல்ல மாடு ஏப்பமா விட்டிரும். வெறும் வைக்கோலெண்டாக் காத்துக் கூட, சதை குறைவு. பச்சையும் புண்ணாக்கும் கலந்து போட்டுப் பாருங்க."

"சிலுவை கும்பிடுற வேதக்காரருக்கு எங்கட பேயப்பத்தி என்ன தெரியும்?" என்றார் பூசாரியார்.

ஹெக்டர் அந்த வேலாயுதத்தை எடுத்து ஒரு முனையில் வாய்வைத்து ஊதினார். மறுமுனையிலிருந்த விபூதி பூசாரியாரின் மீசையில் பறந்தது. தெய்வாயுதம் குழாயாக இருந்தது! பிறகு அருகிலிருந்த தாமரைக்குளத்தில் இறங்கினார். வாயகன்ற போத்தலில் நீர் நிரப்பிக் கவிழ்த்துப் பிடித்து, காலால் சேற்றைக் கலக்கினார். குமிழிகள் போத்தலுக்குள் ஏறின. வாயைப் பொத்திக் கரைக்குக் கொண்டுவந்து தீக்குச்சியைக் காட்டினார்.

பக்கென்று அதே நீலம்.

"சேத்துலயும் பேய் இருக்கு!" என்றார் பூசாரியார், சற்றும் அசராமல்.

"அப்ப சேத்தையும் மாட்டப்போல எழுவான்கரைக்குச் சாய்ச்சிட்டுப் போங்க" என்றார் ஹெக்டர். எவனோ சிரித்தான். ஹெக்டர் கூட்டத்தில் நின்ற ஒருவனிடம் திரும்பினார். "யோகராசா, போன மாசம் இவரிட்டக் குடுத்த உன்ட பசு எங்க? உன்ட குறி சுட்ட தோல் ஒண்டு அக்கரைச் செட்டிபாளையத்துல இறைச்சிக்கடைக்குப் பின்னால காயுது. நேத்துத்தான் கண்டன்."

யோகராசா பூசாரியார் பக்கம் திரும்பினான். பூசாரியார் மட்டும் புன்னகைத்தார். அவருக்கு ஊரைத் தெரியும்.

"சரி ஐயா. பேயில்லாட்டி நேத்து நல்லா நிண்ட நாம்பனுக்கு இண்டைக்கு ஏன் வயிறு ஊதின? ஆராவது சொல்லுங்க பாப்பம்!"

சனம் தரையைப் பார்த்தது. வீட்டுக்கு வீடு அந்தப் பதில் இருந்தது. வட்டையைக் கைவிட்டு ஓடிய இளையதம்பியின் மனைவியும் கூட்டத்தில் நின்றாள், முகாமிலிருந்து வீட்டை எட்டிப்பார்க்க வந்தவள். புஸ்பம் அவளைப் பார்த்தாள். பிறகு நாம்பனைப் பார்த்தாள். கயிற்றைக் கையில் இருமுறை சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, என்ட நாம்பன் உங்கட வட்டையில நெல்லுத் திண்டது. நாந்தான் அதுக்குள்ள ஓட்டிச் சாய்ச்சுவிட்டன். பேயுமில்ல, பூதமுமில்ல."

புஸ்பம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மறுகா என்ன, எல்லாரும் மண்ணப் பாக்கிறீங்க? அடுத்த மாடும் இறைச்சிக்கடைக்குப் போகமுன்னம் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. உங்கட மாடு என்ன திண்டது?"