மஞ்சள் பொட்டு அந்துப்பூச்சி

"திரும்பி வா" என்ற வார்த்தையை வாயால் சொல்லப்போவதில்லை என்று தேவசிகாமணி சபதம் எடுத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. மகள் மார்கரெட்டின் பிரசவத்துக்குத் தாம்பரம் போன மனைவி டெல்பின், மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னவள், பேரன் தவழ ஆரம்பித்த பிறகும் வரவில்லை. கிளம்பும்போது "நீங்களும் வந்திருங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். தாமிரபரணியில் குளித்த உடம்பு, லாரியில் தண்ணீர் வருகிற ஊருக்கு வராது என்று அவர் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்கு இப்போது சோறாக்கிப் போட ஆளில்லை. சோறுகூடப் பெரிதில்லை, அதை அவரே வடித்துக்கொள்வார். அது குழைந்துவிட்டது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தினமும் மாலை ஆறரைக்குப் போன் வரும். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, கேட்டைப் பூட்டியாச்சா. மூன்று ஆச்சாவோடு டெல்பின் வைத்துவிடுவாள். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவள் சேலை காய்ந்த கொடி வெறுமனே ஆடுவதைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், கரண்டு இல்லாத கம்பியைப் பற்றி என்னவென்று பேசுவது?

அப்படியிருக்கையில் ஒருநாள் காலை, அம்பாசமுத்திரம் வீட்டு வாசலில், டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒரு பச்சை நிற அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. டெல்பின் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். அந்துப்பூச்சி என்றால் அவளுக்கு உயிர். "நீ என்னயக் கெட்டுனியா, பூச்சியக் கெட்டுனியா?" என்று முப்பத்து மூன்று வருஷம் கேலி பேசியவர், முதல் தடவையாக ஒரு பூச்சியைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினார். அரை நிமிஷத்தில் போன் அடித்தது.

"றெக்கைய விரிச்சு வச்சிருக்கா, கூரை மாதிரி மடிச்சு வச்சிருக்கா? மீசை நூலு மாதிரி இருக்கா, கோழியெறகு மாதிரி இருக்கா? பைய கிட்டப் போயிப் பாருங்க."

நாற்பது நிமிஷம் பேசினாள். இந்தப் பூச்சிக் குடும்பத்தில் மீசை இறகு மாதிரி இருந்தால் ஆண் என்றாள். பெட்டை ஓரிடத்தில் உட்கார்ந்து வாசனை விடும், ஆண் அந்த மீசையால் மோப்பம் பிடித்துக்கொண்டு எங்கிருந்தாவது பறந்து வரும் என்றாள். போனை வைத்த பிறகும் அவள் அடுத்த அறையில் இருப்பது போலவே இருந்தது. அன்று தேவசிகாமணி குழைந்த சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் வாசலில் டியூப்லைட் நான்கானது. பக்கத்து வீட்டு காஜா முகைதீன் எட்டிப் பார்த்து, யாருக்குக் கல்யாணம் அண்ணாச்சி என்று விசாரித்தார். ஒரு மாதம் பொற்காலம். தினம் ஒரு பூச்சி, தினம் நாற்பது நிமிஷம்.

அதற்குப் பிறகு வினை வந்தது. அம்மா இப்படி மெனக்கெடுகிறாளே என்று மார்கரெட் அவள் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். போட்டோவைக் காட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் இனம், குடும்பம் எல்லாம் சொல்லிவிடுமாம். அன்றிலிருந்து நாற்பது நிமிஷம் போய், ஒரு வரி வந்தது. அதுவும் லத்தீனில். தேவசிகாமணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். அதில் டெல்பின் எங்கேயும் இல்லை.

ஆக, செயலிக்கும் தெரியாத பூச்சி ஒன்று தேவைப்பட்டது. சுவரடியில் செத்துக் கிடந்த ஒரு சாதாரணப் பழுப்புப் பூச்சியை எடுத்தார். வீட்டில் மஞ்சள் பெயின்ட் எப்போதும் இருக்கும். டிரான்ஸ்பார்மரில் தொங்குகிற அபாயப் பலகை நிறம். வேலையில் கண்ணுக்குப் பழகிய நிறமென்று கடையில் டப்பா டப்பாவாக வாங்கி, கேட், கிணற்று ராட்டினம், குளியலறை முக்காலி என்று அசையாமல் நின்றதுக்கெல்லாம் அடித்து வைத்திருந்தார். ஈர்க்குச்சி நுனியில் அதைத் தொட்டு, பின்றெக்கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டு வைத்தார். காய்ந்ததும் போட்டோ எடுத்து அனுப்பினார்.

செயலி கையை விரித்துவிட்டது. டெல்பினே அழைத்தாள்.

"இந்த மஞ்சள நான் எந்தப் பூச்சியிலயும் பாத்ததில்ல" என்றாள். "போட்டோவ வச்சு முடிவு சொல்ல முடியாது. நேர்ல லென்சு வச்சுப் பாக்கணும்."

"பாக்கணும்லா? அப்ப பாரு" என்றார் தேவசிகாமணி. வா என்று சொல்லவில்லை. சபதத்துக்குச் சேதாரமில்லை.

மூன்று நாள் வீட்டைக் கழுவினார். கொடியைக்கூடத் துடைத்தார். நாலாம் நாள் டெல்பின் விவரம் சொன்னாள். லென்ஸ் தாம்பரத்தில் இருக்கிறது, அதனால் பூச்சிதான் வர வேண்டும். கூரியரில் விட்டால் றெக்கை தூளாகிவிடும், மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். காய்ந்த பூச்சியை ஈரத்தில் வைத்து இளக்க மூன்று நாள், றெக்கையை விரித்துக் காயவைக்க ஒரு வாரம், புது இனமென்று எழுதி முடிக்க மூன்று வாரம். அதுவரை கண்டுபிடித்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டுமாம். அதற்குத் தக்கபடி துணிமணி எடுத்துக்கொள்ளவும்.

முடியாது என்றால் பூச்சி பொய்யாகிவிடும். தேவசிகாமணி காலை ரயிலில் ஏறி, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து போனார்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் டெல்பின் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள், நரை கூடியிருந்தது. பார்த்ததும் அவருக்குக் கையில் டப்பா இருப்பதே மறந்துபோனது. அவள் மறக்கவில்லை. வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து லென்சை எடுத்தாள். அது புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகத்தால் சுரண்டினாள். ஒரு பொட்டு உதிர்ந்தது.

"நம்ம முக்காலி" என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பெயின்ட் அடித்து அன்றைக்குச் சரியாக எட்டாம் நாள். ஆனால் டெல்பினுக்கு அது முதல் நாளே தெரிந்திருந்தது.

"பெறவு எதுக்குளா என்ன இம்புட்டுத் தூரம் வரவச்ச?"

அவள் ரயில் நகர்ந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன மாசமா நெல்லையில இருந்து வண்டி வார நேரமெல்லாம் நீங்க வருவியன்னு நெனப்பேன். நீங்க பூச்சியால்லா அனுப்பிக்கிட்டிருந்திய."

தேவசிகாமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டெல்பின் பையிலிருந்து, பூச்சிப் பெட்டிகளில் குத்தி வைக்கும் சின்னச் சீட்டு ஒன்றை எடுத்து, பொடி எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தார்.

'ஆண். கிடைத்த இடம்: தாம்பரம், நான்காம் பிளாட்பாரம். பிடித்தவர்: டெல்பின்.'

தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவர் நிமிர்ந்தார். "தப்பா எழுதிட்டியே. பூச்சி கெடச்சது அம்பாசமுத்திரத்துலல்லா?"

"அது பூச்சிக்கு எழுதுனது இல்ல" என்று சொல்லிவிட்டு டெல்பின் அவருடைய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.